கருமாதி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பாய்லர் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்த எங்கள் நண்பர், பணியில் இருக்கும்போதே சென்ற மாதம் காலமானார். வயதில் மூத்தவர்கள்கூட அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரை அச்சில் போட வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டதால் இந்தக் கடிதத்திலும் அவர் அண்ணனாகவே இருக்கட்டும். முதுநகரிலிருந்து குடிகாடு வரை கண்ணீர் அஞ்சலிப் பதாகை வைக்கப் பலர் முன்வந்தார்கள். அந்தப் பணத்தை அவர் மகள்களின் படிப்புக்குக் கொடுத்துவிட்டு, அவர் செய்துவந்த வேலையை இங்கே எழுதுகிறோம்.

அண்ணன் சங்கத்தில் பதவி எதுவும் வகித்ததில்லை. ஆனால் சிப்காட்டில் ஒரு தொழிலாளி இறந்துவிட்டார் என்று தெரிந்தால், அவர் நிரந்தரமோ ஒப்பந்தமோ, அந்த வீட்டில் அண்ணன் நிற்பார். மாலை போட்டுவிட்டுத் திரும்புகிறவர் அல்ல. அந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டிய தொகை முழுவதும் வந்து சேரும்வரை அந்த வீட்டுக் காகிதங்கள் அவர் பொறுப்பு. சக தொழிலாளிக்குச் செய்யும் கடைசி மரியாதை அதுதான் என்று அவர் நம்பினார். அதை எப்படிச் செய்தார் என்பது கூடவே போய்வந்த சிலருக்குத்தான் தெரியும். எல்லாத் தொழிலாளர் வீடுகளுக்கும் அது தெரிய வேண்டும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

வேலை மருத்துவமனையிலேயே தொடங்கிவிடும். இறப்புப் பதிவுக்கான விவரங்களை அங்கே கேட்டு எழுதுவார்கள். அழுதுகொண்டு நிற்கும் மைத்துனரோ பங்காளியோ வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிடுவார், அல்லது ஊரில் வழங்கும் இனிஷியலைச் சொல்வார். சான்றிதழில் அதுவே ஏறிவிடும். பிறகு திருத்துவதற்கு மனு, உறுதிமொழிப் பத்திரம், ஆதாரங்கள் என்று வாரக்கணக்கில் அலைய வேண்டும். அண்ணன் இறந்தவரின் ஆதார் நகலோடு எழுதுகிற மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். பெயர், தந்தை பெயர், மனைவி பெயர், முகவரி நான்கும் ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துப் பிசகாமல் ஏற வேண்டும். இறப்புக்கான காரணத்தைக் குறிக்கும் மருத்துவச் சான்றையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுவார். காப்பீட்டு நிறுவனங்கள் பின்னால் கேட்கும் முதல் காகிதம் அது.

விபத்து, விஷக்கடி, தண்ணீரில் மூழ்கியது, மின்சாரம் தாக்கியது, வேலையிடத்தில் மயங்கி விழுந்தது என்றால் பிரேதப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது. 'அறுக்க வேண்டாம், அப்படியே கொண்டுபோய்விடுவோம்' என்று பெரியவர்கள் சொல்வது புரிந்துகொள்ளக்கூடிய வேதனைதான். ஆனால் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாவிட்டால் விபத்தைச் சேர்ந்த எந்தத் தொகையையும் வாங்குவது மிகவும் கடினம். ஆலைக்குள் மாரடைப்பு வந்து இறந்தால்கூட, வேலைக்கும் இறப்புக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்விக்குப் பதில் அந்த அறிக்கையில்தான் இருக்கும். அண்ணன் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உறவினர்களிடம் விட்டுக்கொடுக்கமாட்டார். பொறுமையாக, வீட்டுப் பெண்களிடமே முதலில் பேசுவார்.

கடலூர் மக்கள் தவறிவிடும் இடம் ஒன்று உண்டு. இறப்பு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரில்தான் பதிவாகும். கடலூர் அரசு மருத்துவமனையிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அனுப்பி, அங்கே உயிர் பிரிந்தால் பதிவு உழவர்கரை நகராட்சியில். கடலூர் மாநகராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்டுப் பயனில்லை. கிராமத்து வீட்டில் இறந்தால் தமிழ்நாட்டில் கிராம நிர்வாக அலுவலரே பதிவாளர். வாரிசுச் சான்றிதழுக்கோ குடியிருந்த இடம்தான் கணக்கு. கடலூரில் வீடு என்றால் கடலூர் வட்டாட்சியர், புதுச்சேரியைச் சேர்ந்த கன்னியக்கோயில் பக்கமிருந்து சிப்காட்டுக்கு வந்துபோனவர் என்றால் பாகூர் வட்டாட்சியர். ஒரே குடும்பம் ஒரு சான்றிதழைப் புதுச்சேரியிலும் இன்னொன்றைத் தமிழ்நாட்டிலும் வாங்க வேண்டிவரும். முதல் நாளே இதைப் பிரித்துச் சொல்லிவிட்டால் பாதி அலைச்சல் குறையும்.

இறப்பை 21 நாளைக்குள் பதிய வேண்டும், அதற்குக் கட்டணமில்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு பதியலாம். அதைத் தாண்டினால் மேலதிகாரியின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். ஓராண்டு தாண்டினால் நடுவரின் (மாஜிஸ்திரேட்) உத்தரவு வேண்டும். மருத்துவமனையில் நடந்த இறப்பை அவர்களே தெரிவித்துவிடுவார்கள். சிக்கல் வீட்டில் நடக்கும் இறப்பில். நம் பக்கத்தில் 16ஆம் நாள் கருமாதி முடியும்வரை வீட்டுப் பெண்கள் வெளியே போவதில்லை. 'கருமாதி முடியட்டும், பார்த்துக்கலாம்' என்பார்கள். அது முடிந்தபின் மிச்சம் இருப்பது 5 நாள், அதிலும் சனி ஞாயிறு வந்துவிடும். அதனால் பால் தெளித்த கையோடு மறுநாளே ஒரு பங்காளியை அழைத்துக்கொண்டு அண்ணன் பதிவுக்குப் போய்விடுவார். கருமாதியன்று உறவினர் எல்லோரும் கூடியிருப்பார்கள் என்பதால், அவரவர் ஆதார் நகலையும் வாரிசுச் சான்றிதழுக்கு வேண்டிய கையெழுத்துகளையும் அன்றே வாங்கிவிடுவார்.

வாரிசுச் சான்றிதழில் அதிகம் விட்டுப்போவது இறந்தவரின் தாய். மனைவி, பிள்ளைகள் பெயரை எழுதிவிட்டு அம்மாவை மறந்துவிடுவார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன்படி தாய், மனைவி, மகன், மகள் அனைவரும் முதல் வகுப்பு வாரிசுகள். கல்யாணமாகிப் போன மகளும் இதில் சேர்த்தி. ஒருவரை விட்டுவிட்டு வாங்கிய சான்றிதழை வங்கி ஏற்காமல் திருப்பினால் மறுபடியும் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியதுதான். மூத்தவர்களின் பழைய கல்யாணங்களில் பதிவுச் சான்று இருக்காது. தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயமானது 2009இல்தான். அப்படிப்பட்ட வீடுகளில் உறவைக் காட்டக் குடும்ப அட்டையையும் வாரிசுச் சான்றிதழையும் வைப்பார்கள். அதனால் கருமாதிக்கு முன் குடும்ப அட்டையில் பெயர் நீக்க ஓடாதீர்கள், முதலில் நகல் எடுத்து வையுங்கள்.

வருங்கால வைப்பு நிதிக்கு வருவோம். அதிகத் தொகை வருவதும் அதிகம் விட்டுப்போவதும் இங்கேதான். பலர் சேமிப்புப் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பணியில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்கு மூன்று பலன்கள் உண்டு. சேமிப்புக்குப் படிவம் 20, ஓய்வூதியத்துக்குப் படிவம் 10டி, காப்பீட்டுக்குப் படிவம் 5ஐஎஃப். மூன்றையும் சேர்த்து ஒரே கூட்டுப் படிவமாகவும் கொடுக்கலாம்.

இதில் காப்பீடு பற்றித்தான் வீடுகளுக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் தொழிலாளியின் சம்பளத்தில் இதற்கு எதுவும் பிடிப்பதில்லை, சந்தாவை நிறுவனமே கட்டுகிறது. இறப்பு ஆலையில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் தூக்கத்தில் இறந்தாலும் உண்டு. கணக்கு இப்படி: கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளம், 15,000 ரூபாய் உச்சவரம்புக்குள், அதன் 35 மடங்கு. முழு 15,000 என்றால் 5,25,000. அதோடு வைப்புநிதிச் சராசரி இருப்பில் பாதி, அதிகபட்சம் 1,75,000. ஆக உச்சம் 7 லட்சம். 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருந்தால் குறைந்தது 2.5 லட்சம். சில நிறுவனங்கள் இதற்குப் பதிலாகத் தனிக் குழுக் காப்பீடு வைத்திருக்கும். அங்கே படிவம் வேறு, ஆனால் பலன் இதைவிடக் குறையக் கூடாது.

இந்தத் தொகை கைநழுவுவதற்குப் பெரிய காரணம் பணி முடிந்த தேதி. ஒப்பந்தத் தொழிலாளி இரண்டு மாதம் படுக்கையில் இருந்து இறந்திருப்பார். ஒப்பந்ததாரரின் அலுவலகத்தில் அவர் வராமல் போன மாதக் கடைசியையே விலகிய தேதியாகப் போட்டு, காரணத்தில் 'வேலையை விட்டுவிட்டார்' என்று ஏற்றியிருப்பார்கள். அவ்வளவுதான், பணியில் இருக்கும்போது இறக்கவில்லை என்று விண்ணப்பம் திரும்பிவிடும். விலகிய தேதி இறந்த தேதியாகவும், காரணம் பணிக்காலத்தில் இறப்பு என்றும் இருக்க வேண்டும். சம்பளமில்லா விடுப்பில் இருந்தாலும் பெயர் பணியாளர் பட்டியலில் இருந்து, கடைசிச் சந்தா வந்த 6 மாதத்துக்குள் இறப்பு நேர்ந்திருந்தால் இப்போது காப்பீடு உண்டு. எனவே படிவம் நிரப்புவதற்கு முன்பே ஒப்பந்ததாரரிடம் போய் அந்த ஒரு வரியைச் சரியாக ஏற்றச் சொல்ல வேண்டும். அண்ணன் இதற்காக ஒப்பந்ததாரர் அலுவலக வாசலில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். சத்தம் போட்டதில்லை. 'ஒரு வரிதான் தம்பி, ஒரு குடும்பம் நிக்குது' என்பார்.

ஓய்வூதியம் சிறிய தொகையாக இருக்கலாம். மனைவிக்குக் குறைந்தது மாதம் 1,000 ரூபாய், பிள்ளைகளுக்குத் தலா 250, ஒரே நேரத்தில் இருவருக்கு, 25 வயது வரை. ஆனால் ஒரே ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும், பணியில் இருக்கும்போது இறந்தால் அது உண்டு. 'சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகலியே, என்ன வரப்போகுது' என்று விட்டுவிட்ட வீடுகள் எத்தனையோ.

அடுத்தது நியமனதாரர், அதாவது நாமினி. கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டிருப்பார்கள். கல்யாணம் ஆனதும் அந்த நியமனம் செல்லாது, புதிதாகப் போட வேண்டும். இணையத்தில் போடுபவர்கள் நியமனதாரரின் புகைப்படம், ஆதார் எண், பங்கு எல்லாம் கொடுத்துச் சேமித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். கடைசியில் ஆதார் வழியாக மின்கையொப்பம் இட்டால்தான் அது நியமனம். அதுவரை வெறும் வரைவு. சரியாக முடித்திருந்தால் வைப்புநிதிக்கு வாரிசுச் சான்றிதழே தேவைப்படாது. நியமனதாரர் தன் ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு வரும் கடவு எண்ணை வைத்து இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதற்கு மனைவியின் ஆதாரில் அவருடைய கைபேசி எண் இருக்க வேண்டும். பல வீடுகளில் மனைவி ஆதாரிலும் கணவர் எண்ணே இருக்கும். அந்த எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சில மாதத்தில் இணைப்பு போய்விடும். காகித வேலை எல்லாம் முடியும்வரை அந்த சிம்மை உயிரோடு வைத்திருங்கள்.

இனிஷியல் தொல்லை நம் தமிழ்நாட்டுக்கே உரியது. மனைவியின் ஆதாரில் அப்பா இனிஷியல், வைப்புநிதி நியமனத்தில் கணவர் இனிஷியல், வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. மூன்றும் மூன்று ஆளாகத் தெரியும். இதைச் சரிசெய்ய நல்ல காலம், இருவரும் உயிரோடு இருக்கும் காலம்தான்.

தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ.யில் இறுதிச் சடங்குச் செலவுக்கு 15,000 ரூபாய் தருகிறார்கள். 3 மாதத்துக்குள் கேட்க வேண்டும், சடங்குச் செலவு ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். பணிக்கால விபத்தில் இறந்தால் குடும்பத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் மாதந்தோறும் சார்ந்தோர் பலனாகப் பங்கிட்டு வரும். ஷிப்டுக்கு வரும் வழியில் சிதம்பரம் சாலையில் நடந்த விபத்தும், வேலையோடு தொடர்பு நிறுவப்பட்டால் பணிக்கால விபத்தே. விபத்து அறிக்கையை நிறுவனம் உடனே அனுப்பியதா என்று கேட்டு, நகல் வாங்க வேண்டும்.

கிராஜுவிட்டி எனும் பணிக்கொடைக்கு 5 ஆண்டு நிபந்தனை இறப்பில் கிடையாது. கணக்கு எளிது: கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். 6 மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஒரு முழு ஆண்டு. 20,800 ரூபாய் சம்பளத்தில் 7 ஆண்டு 8 மாதம் வேலை செய்தவருக்கு 8 ஆண்டுக் கணக்கில் 96,000 ரூபாய்.

வீட்டில் அண்ணன் முதலில் கேட்பது வங்கிப் புத்தகம். இறந்தவரின் எல்லாக் கணக்குகளிலும் மே, ஜூன் மாதப் பக்கங்களைப் பார்ப்பார். 436 ரூபாய் கழிந்திருந்தால் அது பிரதமர் ஆயுள் காப்பீடு, எப்படி இறந்தாலும் 2 லட்சம். 20 ரூபாய் கழிந்திருந்தால் விபத்துக் காப்பீடு, விபத்து இறப்புக்கு 2 லட்சம். கணக்கு தொடங்கும்போது ஏதோ படிவத்தில் கையெழுத்துப் போட்டதோடு தொழிலாளியே அதை மறந்திருப்பார், வீட்டுக்கு எப்படித் தெரியும்? கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அங்கேயே விண்ணப்பிக்க வேண்டும். சம்பளக் கணக்குக்கும் ஏ.டி.எம். கார்டுக்கும் தனி விபத்துக் காப்பீடு உண்டா என்று அதே நாளில் கேட்டுவிடலாம். அதே போல இருசக்கர வாகனக் காப்பீட்டுச் சீட்டையும் புரட்டிப் பாருங்கள். சொந்த வண்டியை உரிமத்தோடு ஓட்டிச் சென்று விபத்தில் இறந்தவருக்கு, அந்தச் சீட்டில் உரிமையாளர் விபத்துக் காப்பீடு சேர்ந்திருந்தால் 15 லட்சம். எதிர் வண்டி மீது வழக்குப் போடுவதைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள், இதை ஒருவரும் பார்ப்பதில்லை.

ஏ.டி.எம். கார்டின் ரகசிய எண் தெரியும் என்று இறந்தவர் கணக்கிலிருந்து பணம் எடுப்பது வேண்டவே வேண்டாம். வங்கி விதிக்கு மாறானது, மற்ற வாரிசுகள் கேள்வி கேட்டால் பொல்லாப்பு அந்தப் பெண்மீது வந்து விழும். நியமனதாரர் இருந்தால் காகிதங்கள் கொடுத்த 15 நாளில் வங்கி தீர்த்துவைக்க வேண்டும். மனைவிக்குத் தன் பெயரில் மட்டும் ஒரு கணக்கு இல்லையென்றால் முதல் வாரத்திலேயே தொடங்கிவிட வேண்டும். எல்லாத் தொகையும் அதில்தான் வந்து விழப்போகிறது. ஆலையில் ஒரு நாள் சம்பளம் என்று பிரிக்கும் பணத்தையும் கையில் கொடுக்காமல் அந்தக் கணக்கில் போடச் சொல்வார் அண்ணன். கையில் கொடுத்த பணம் கருமாதிச் செலவுக்கே போய்விடும்.

கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் இருந்தால், ஜாமீன் போட்டவர்கள் பயந்துபோய் அந்த வீட்டுக்கே போகமாட்டார்கள். அது தேவையில்லாத பயம். முதலில் சங்கத்தில் அவருடைய பங்குத் தொகை, சிக்கன வைப்பு, கடனுக்குக் காப்பீடு இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள். வீட்டுக் கடனுக்கும் அதேதான். காப்பீடு உண்டா என்று தெரியாமல் அடுத்த தவணையைக் கட்டத் தொடங்க வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் அண்ணன் ஒரு கோடுபோட்ட நோட்டு வைத்திருப்பார். பாய்லர் லாக்-புக்கில் மணிக்கு மணி பிரஷரும் தண்ணீர் மட்டமும் எழுதுவதுபோல, எந்த அலுவலகம், யாரிடம், எந்தத் தேதி, என்ன காகிதம், பெற்றுக்கொண்ட முத்திரை உண்டா, அடுத்து எப்போது வரச் சொன்னார்கள் என்று வரிசையாக எழுதுவார். நோட்டு அந்த வீட்டிலேயே இருக்கும். அவர் வராத நாளிலும் வீட்டில் படித்த பிள்ளை அதைப் பார்த்து மேற்கொண்டு போகலாம். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்க யாரையும் விடமாட்டார். வரும் தொகையில் நூற்றுக்குப் பத்து கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று வருபவர்கள் முதலில் கேட்பதே அந்த வெற்றுத்தாள் கையெழுத்துதான். மேலே சொன்ன எந்தத் தொகைக்கும் இடைத்தரகர் தேவையில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 தானே புயலில் கூரையோடு போனது போக, 2015 வெள்ளத்தில் ஊறிப்போன காகிதங்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். இரும்பு பீரோவின் அடித்தட்டு பத்திரமான இடம் அல்ல, கெடிலமும் பெண்ணையாறும் பெருகினால் முதலில் நனைவது அதுதான். ஜிப் வைத்த தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள். எல்லாக் காகிதத்தையும் படமெடுத்து மனைவி, பிள்ளை இருவரின் கைபேசியிலும் சேமியுங்கள்.

அண்ணன் வீட்டில் நாங்கள் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. நியமனம் மின்கையொப்பத்தோடு முடிந்திருந்தது. அண்ணியின் ஆதாரில் அவருடைய சொந்த எண் இருந்தது. காகிதங்கள் பரண்மேல் ஒரு உறையில். விலகிய தேதி சரியாக ஏறிவிட்டது. மூன்று பலன்களுக்கும் விண்ணப்பித்தாகிவிட்டது.

சிப்காட் நிர்வாகங்களையும் தொழிற்சங்கங்களையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். மாதம் ஒரு சம்பள நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட ஒவ்வொருவரும் தம் வைப்புநிதி நியமனத்தைத் திரையில் திறந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ஒரு கணினி, கைரேகைக் கருவி, நகல் எடுக்கும் இயந்திரம், விவரம் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். தொழிலாளி கொண்டுவர வேண்டியவை: தன் ஆதார், மனைவி பிள்ளைகளின் ஆதார், எல்லோருடைய புகைப்படம், ஆதாரோடு இணைந்த கைபேசி. அண்ணனிடம் இந்த வேலையைக் கற்ற நாங்கள் எந்த ஆலைக்கும் வந்து உட்காரத் தயார்.

இப்படிக்கு,
அண்ணனோடு வேலை பார்த்த நண்பர்கள்,
கடலூர் முதுநகர்.